நிழலைத் தொட வேண்டுமா

சந்துருவுக்கு மகள் வாரத்தில் மூன்று மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரை. நாலு வருஷத்துக்கு முன்னால் குடும்ப நீதிமன்றம் அளந்து கொடுத்தது. மற்ற நேரமெல்லாம் வைஷு புணேயின் கிழக்குக் கோடியில், கராடியில், அவள் அம்மா கிருஷ்ணப்ரியாவோடு. இவன் ஊரின் மறுகோடியில், சிஞ்ச்வட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தனியாக.

இப்போது அந்த உத்தரவும் செல்லாது. ஜூன் மாதம் வைஷுவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வளர்ந்த பெண்ணைப் பிடித்து, போய் அப்பனைப் பார்த்துவிட்டு வா என்று சொல்ல எந்த நீதிபதிக்கும் அதிகாரம் கிடையாது. இருந்தும் வருகிறாள். ராம்வாடியில் மெட்ரோ ஏறி, சிவில் கோர்ட் ஸ்டேஷனில் வண்டி மாறி, பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது காலிங் பெல்லை அமுக்கிவிடுகிறாள். ஏன் வருகிறாய் என்று சந்துரு கேட்டதே இல்லை. கேட்டால் யோசிப்பாள், யோசித்தால் நின்றுவிடுவாள் என்று அவனுக்குப் பயம். அவனாக ஒரு பதில் வைத்திருந்தான்: ஜுயி உயிரோடு இருக்கிறாள், அதனால் வருகிறாள்.

ஜுயி என்பவள் ஆளில்லை. ஓர் அட்டை. அதன் கதையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

முதல் இரண்டு ஞாயிறும் அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று மணி நேரத்தைத் தள்ளினார்கள். "ஸ்கூல் எப்படிப் போகுது கண்ணு?" "ஃபைன்." "சாப்பிட்டியா?" "ம்." அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிட்டது. அப்புறம் லோக்கல் ரயில் போகும் சத்தம்தான் கேட்டது. மூன்றாவது ஞாயிறுக்குச் சந்துரு இருபது முகப் பகடை நாலு வாங்கி வந்தான். கல்லூரியில் அவன் ஆடிய ஆட்டம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் மாஸ்டர், அவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் பேசுவார்கள், நடப்பார்கள், சண்டை போடுவார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை. அந்த ஆளால் என்ன செய்ய முடியும் என்பது அதில் எழுதியிருக்கும். சந்துருதான் மாஸ்டர்; உலகத்தையும் விதிகளையும் அட்டைகளையும் அவனே எழுதினான். மகளின் பாத்திரத்துக்கு முல்லை என்று பெயர் வைக்கப் பார்த்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜுயின்னு வைங்க. மராத்தில அதே பூதான்." சரி, ஜுயி.

ஜுயி வாயைத் திறந்தாள் பாருங்கள், அடேயப்பா. வைஷு ஒரு நாளும் அப்பாவிடம் கேட்காததையெல்லாம் ஜுயி கேட்டாள். காட்டுவழியில் வந்த கிழட்டு வணிகனிடம், அதாவது அந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்த சந்துருவிடம், "நீ ஏன் தனியா போற? உன்கூட வர்றவங்க எல்லாம் ஏன் விட்டுட்டுப் போயிட்டாங்க?" என்றாள். வணிகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னான். அன்றைக்கு ராத்திரி சந்துரு தூங்கவில்லை, சந்தோஷத்தில்தான். மகள் தன்னோடு பேசுகிறாள் என்று நினைத்துவிட்டான். அந்த நினைப்பிலேயே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டான். ஜுயிக்கு எந்த மலையில் பிறப்பு, எந்தப் பாட்டுப் பிடிக்கும், இருட்டென்றால் எவ்வளவு பயம், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வைஷு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று கேட்டால் முழிப்பான்.

ரெண்டு பேர் ஆட்டம் சலிக்கும் என்று பிறகு ஆட்களைச் சேர்த்தான். கட்கியிலிருந்து வால்டர் வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் புணே. பேச்சில் தமிழும் இந்தியும் ஒன்றாகக் கொதிக்கும். அவர் பாத்திரம் ஒரு வைத்தியர். காசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் வந்தான், மேலப்பாளையத்துக்காரன், அவன் பாத்திரம் ஒரு மல்லன். கராடியிலிருந்து தினேஷ் என்று ஒரு சாப்ட்வேர்காரனும் வந்தான். முதல் வருஷமே அவன் பாத்திரம் கிணற்றில் விழுந்து செத்தது. ஒருவருக்கு ஒரே ஆள், செத்தால் இந்தக் கதை முடிகிறவரை வேறு ஆள் கிடையாது என்பது சந்துரு போட்ட விதி. "அடுத்த கதை ஆரம்பிக்கறப்ப கூப்பிடுங்க" என்று போன தினேஷ் போனவன்தான். கதை இன்னும் முடியவில்லை. முடிக்கச் சந்துருவுக்கு மனசும் இல்லை.

இன்னொரு விதியையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குடியைக் கெடுத்தது அதுதான். சந்துரு ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். அங்கே ஒரு வழக்கம் உண்டு: ஒரு பாகத்தில் சந்தேகம் வந்தால், அதைச் செய்தவனே முதலில் இதை ஏன் கழிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தன் சரக்குக்கு வக்காலத்து வாங்க எல்லோருக்கும் வரும். குறை சொல்லச் சொன்னால்தான் உண்மை வெளிவரும் என்பது அவன் சித்தாந்தம். "உங்ககூட குடித்தனம் பண்றது தினமும் ஆடிட்டுக்கு நிக்கற மாதிரி இருக்கு" என்று கிருஷ்ணப்ரியா ஒரு காலத்தில் சொன்னது இந்தப் புத்தியைத்தான். அவன் திருந்தவில்லை. அதே வழக்கத்தை ஆட்டத்துக்கும் கொண்டுவந்தான். அட்டையில் எழுதியதற்கு ரெண்டு விதமாகப் பொருள் கொள்ள இடமிருந்தால், அந்த அட்டைக்காரர் தனக்கு எதிராகப் பேச வேண்டும். மற்றவர்கள் அவருக்காகப் பேச வேண்டும். கடைசியில் மாஸ்டர் தீர்ப்புச் சொல்வார்.

பெரும்பாலும் அது கேலிக்கூத்தாகத்தான் நடக்கும். மல்லன் எந்தக் கதவையும் உடைப்பான் என்று அட்டையில் இருக்க, குகை வாயை அடைத்த பாறை கதவில் சேருமா என்று ஒரு முறை கேள்வி வந்தது. இஸ்மாயில் எழுந்து, "கல்லு கல்லுதான், கதவு கதவுதான் சார். பேசிட்டேன். இப்ப நீங்கள்லாம் எனக்காவப் பேசுங்க" என்று உட்கார்ந்துவிட்டான். வைஷுகூட அன்றைக்குச் சிரித்தாள்.

அந்த ஆகஸ்டு ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. வைஷு நனைந்த குடையைப் பால்கனியில் விரித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வால்டர் வாங்கி வந்த கட்கி பேக்கரி பாவ் ரொட்டியும், சந்துரு பாக்கெட் மாவில் வார்த்த இட்லியும் மேசையில் இருந்தன. கதையில் அவர்கள் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றிருந்தார்கள். பின்னால் கொள்ளைக்கூட்டம் துரத்தி வருகிறது. முன்னால் கயிற்றுப் பாலம். எல்லோரும் தாண்டிய பிறகு பாலத்தை அறுத்துவிட்டால் தப்பலாம். ஆனால் முடிச்சு பாலத்தின் நடுவில் இருக்கிறது. அறுக்கிறவர் அங்கேயே நிற்க வேண்டும்.

"என் ஆளு அறுக்கட்டும். மல்லந்தானே, தொத்திக்கிட்டு ஏறிருவான்" என்றான் இஸ்மாயில்.

"வேண்டாம் பாய். நான் கட் பண்றேன்" என்றாள் வைஷு.

சந்துரு நிமிர்ந்து பார்த்தான். "பாலத்தோட சேர்ந்து நீயும் போயிருவ கண்ணு. தப்பிக்கோணும்னா பகடைல பதினெட்டுக்கு மேல விழோணும்."

"தெரியும்ப்பா."

உருட்டினாள். நாலு விழுந்தது. பாலம் அறுந்தது, கொள்ளைக்கூட்டம் அந்தக் கரையில் நின்றுவிட்டது, வைத்தியரும் மல்லனும் பிழைத்தார்கள். ஜுயி பள்ளத்தாக்கில் விழுந்துகொண்டிருந்தாள்.

தினேஷின் நாற்காலி சந்துருவின் கண்ணில் பட்டது. அதன் மேல் மடித்த துணிகளைப் போட்டு வைத்திருந்தான். ஜுயி போனால் அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் காலிங் பெல் அடிக்காது. ஒரு அட்டை போனால் போகட்டும் என்று சொல்ல அவனால் முடியாது.

வால்டர்தான் முதலில் அசைந்தார். "ஏக் மினிட், ஏக் மினிட். இந்தப் பொண்ணுக்கு அந்த நிழல் பவர் இருக்கில்ல? அட்டையை எடு பேட்டா."

வைஷு அட்டையை நடுவில் தள்ளினாள். ஓரம் கிழிந்து, டீக்கறை படிந்து, நாலு வருஷம் பழசான அட்டை. அதில் சந்துருவின் கையெழுத்தில் இருந்தது: ஜுயி பயணத்துக்கு ஒரு முறை, தன் கண்ணுக்குத் தெரியும் நிழல் ஒன்றுக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியும் வேறொரு நிழலிலிருந்து வெளியே வரலாம்.

"சன் எங்க இருக்கு சந்துரு? கதையில சொல்றேன்" என்றார் வால்டர்.

சந்துரு உடனே சொன்னான். "சாயங்கால வெயில், முதுகுக்குப் பின்னால. எதிர்ப் பாறைல ஜுயியோட நிழல் விழுது. ஒரு பத்து முழம் தள்ளி. மேல கரையில உங்க நிழலும் தெரியுது." அதுவரை கதையில் வானம் மூட்டமா வெயிலா என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அந்தக் கணத்தில் முளைத்த சூரியன் அது.

"ஹோ கயா, முடிஞ்சது. பாறை நிழல்ல உள்ள போ, நம்ம நிழல்ல வெளிய வா."

"பத்து முழம் தள்ளி இருக்கே அங்கிள்" என்றாள் வைஷு. "நிழலைத் தொடாம எப்படி உள்ள போறது?"

ஆக, சந்தேகம் வந்துவிட்டது. நிழலைத் தொட்டால்தான் புக முடியுமா, பார்த்தாலே போதுமா? அட்டையில் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. இதுவரை ஜுயி எப்போதும் நடந்து போய்த்தான் நிழலில் இறங்கியிருக்கிறாள், அதனால் யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. விதிப்படி இப்போது அட்டைக்காரி தனக்கு எதிராகப் பேச வேண்டும்.

சந்துருவுக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஒப்புக்கு ரெண்டு வார்த்தை சொல்லி உட்காருவாள், மற்ற ரெண்டு பேரும் பேசுவார்கள், காப்பாற்றிவிடலாம். வைஷு பேண்ட் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள்.

"ஃபர்ஸ்ட் பாயிண்ட். ஜுயி இதுவரைக்கும் பதினோரு தடவை இதை யூஸ் பண்ணியிருக்கா. பதினோரு தடவையும் நிழல் மேல கால் வெச்சுதான் போயிருக்கா. லிஸ்ட் இருக்கு, படிக்கட்டுமா?" படித்தாள். எந்த மாதம், எந்த ஊர், யாருடைய நிழல் என்று ஒன்றுவிடாமல். சந்துருவுக்கே மறந்துபோன ரெண்டு அதில் இருந்தன.

"செகண்ட். ஜுயி ஜெயில்ல இருந்தப்போ. ஜன்னல் வழியா மரத்தோட நிழல் தெரிஞ்சுது. பார்த்தா போதும்னா அப்பவே போயிருக்கலாம். அப்பா விடல. நிழல் காலுக்கு வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுன்னு சொன்னார். ரெண்டு சண்டே வெயிட் பண்ணேன். அப்ப தொடணும்னா இப்பவும் தொடணும். அது… அது எப்படிச் சொல்றது, ரூல் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறக் கூடாது."

இந்த இடத்தில் சந்துருவுக்குப் பெருமை பிடிபடவில்லை என்றால் நம்புவீர்களா? மடையன், மகள் தூக்குக்கயிறு திரித்துக்கொண்டிருக்கிறாள், இவன் திரிப்பின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பெண், எப்படிப் பேசுகிறாள், தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்குக்கூட இப்படி வராது என்று வால்டரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். வால்டர் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

"தேர்ட் பாயிண்ட்" என்றாள் வைஷு. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்க இருந்து வேணும்னாலும் தப்பிக்கலாம்னா, ஜுயியை யாருமே எதுவுமே பண்ண முடியாது. அவ சாகவே மாட்டா. கதையும் முடியவே முடியாது. அது ஃபேர் இல்ல." தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அவ்வளவுதான்."

இஸ்மாயில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். "நான் என்னத்தச் சொல்ல. புள்ள பிழைக்கணும் சார். எனக்காவ விழுந்துருக்கா. எழுத்துல தொடணும்னு இருக்கா? இல்லல்லா. பொறவென்ன."

"கரெக்ட்" என்றார் வால்டர். "லிக்கா நஹி தோ மனா பி நஹி. எழுதலைன்னா தடையும் இல்ல. ஜெயில்ல சந்துரு தப்பா ரூலிங் குடுத்திருக்கான், அவ்வளவுதான். வாத்தியார் ஒரு தடவ தப்பாத் திருத்தினா அடுத்த பரீட்சையிலயும் தப்பாவே திருத்தணுமா?" வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவர் பார்த்தது சந்துருவை இல்லை, வைஷுவை.

"சார்தானே எழுதுனது" என்றான் இஸ்மாயில். "என்ன நெனச்சு எழுதினியன்னு சொல்லிருங்களேன். சோலி முடிஞ்சிரும்."

என்ன நினைத்து எழுதினான்? இடைக்கால உத்தரவு வந்த பிறகும் வாய்தாக்கள் ஓயவில்லை. ஒரு வாய்தாவுக்கு வைஷுவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நீதிமன்ற வராந்தாவில் பெஞ்சின் அந்தக் கோடியில் அம்மா, இந்தக் கோடியில் அப்பா, நடுவில் பள்ளிச் சீருடையில் இவள். தலையைத் தூக்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்துரு கையிலிருந்த தேதிச் சீட்டின் பின்புறத்தில்தான் அந்த நிழல் வித்தையை முதலில் எழுதினான். இந்தக் குழந்தை நினைத்த நேரத்தில், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், இந்த இடத்தை விட்டு நழுவிப் போக ஒரு வழி இருக்கட்டும் என்றுதான் எழுதினான். தொடுவது பார்ப்பது எதுவும் அப்போது மனசில் இல்லை.

அதை வாய்விட்டுச் சொல்லலாம் என்று நிமிர்ந்தபோதுதான் அந்தத் தாள் உறுத்தியது. தப்பும் தவறும் கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவன் கண். வைஷுவின் கையிலிருந்த தாள் மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. பாக்கெட்டில் பல நாள் இருந்த தாள். மேலே வலது மூலையில் தேதி போட்டிருந்தாள். எதை எழுதினாலும் தேதி போடு என்று அவன் சொல்லிக் கொடுத்த பழக்கம். ஜூலை பதினான்கு. ஜுயி விழுந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் விழுந்தால் காப்பாற்றக் கூடாது என்பதற்கான வாதம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகிவிட்டது.

"டீ போட்டுட்டு வந்தர்றேன்" என்று எழுந்துவிட்டான். யாரும் டீ கேட்கவில்லை.

சமையலறையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறந்து நின்றான். எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. மல்லனைத் தடுத்துவிட்டு இவள் பாலத்துக்குப் போனது. போன மாதம் தேவையில்லாமல் கரடிக் குகைக்குள் போனது. அதற்கு முந்தைய வாரம் விஷக்காயைக் கடித்துப் பார்க்கிறேன் என்றது. ஒவ்வொரு முறையும் இவன் வேர்க்க விறுவிறுக்க ஏதாவது சொல்லிக் காப்பாற்றியிருக்கிறான். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டான். நாலு ஞாயிறாக மகள் வாசலைத் தேடிக்கொண்டிருந்தாள், இவன் ஒவ்வொரு வாசலாக ஓடிப்போய் அடைத்துக்கொண்டிருந்தான்.

வால்டர் பின்னாலேயே வந்தார். அடுப்பை அணைத்தார்.

"தெரிஞ்சுதா?"

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கரடி வந்தப்பவே. நான் முப்பத்தஞ்சு வருஷம் க்ளாஸ் எடுத்தவன்டா. வீட்டுக்குப் போகணும்னு இருக்கற பசங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளுக்கு உன்மேல கோவம் இல்ல. வரமாட்டேன்னு உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல வாய் வரல. ஆட்டம் முடிஞ்சதுன்னா யார் மேலயும் பழி இல்ல. பாவம், எவ்வளவு யோசிச்சிருக்கா. விட்டுடு சந்துரு."

"விட்டா அப்புறம் என்னங்க இருக்குது எனக்கு?"

வால்டர் அடுப்பை மறுபடி பற்ற வைத்து, டீக்குத் தண்ணீரை ஏற்றினார்.

"கொஞ்ச நாள் போனா சரியாயிருமுங்க" என்றான் சந்துரு. "வயசு அப்படி. இப்ப விட்டா வராமயே போயிருவா. வந்துக்கிட்டு இருந்தான்னா, வந்துக்கிட்டு இருந்தாலே போதும். பேசக்கூட வேண்டாம்." பேசப் பேச அழுகை வந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

அவன் டீக் கப்புகளோடு திரும்பி வந்து உட்கார்ந்தபோது வைஷு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாள் இன்னும் கையில் இருந்தது. அவள் அவனை நேராகப் பார்த்தாள். அந்த நாலு வருஷத்தில் ஜுயி பார்த்திருக்கிறாள், வைஷு அப்படிப் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை. குழந்தையாக இருந்தபோது ஊசி போட வேண்டாம் என்று சொல்லச் சொல்லி டாக்டர் அறையில் இப்படிப் பார்த்திருக்கிறாள். சந்துருவுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்துகொண்டேதான் செய்தான், பின்னால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் அவனுக்கு வழியில்லை.

"தொட வேண்டியதில்ல" என்றான். "பார்த்தாலே போதும். ஜுயி பிழைச்சுட்டா."

இஸ்மாயில் மேசையைத் தட்டினான். "அதைச் சொல்லுங்க." அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். மல்லனுக்காக விழுந்தவளை மல்லன் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவான் என்று அறிவித்தான்.

வைஷு தாளை இன்னும் இரண்டு மடிப்பு மடித்தாள். "சரிப்பா" என்றாள். சண்டை போடுவாள், அட்டையைக் கிழித்து எறிவாள், எழுந்து போவாள் என்று சந்துரு எதிர்பார்த்தான். அப்படிச் செய்திருந்தால் சமாதானம் பண்ணவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும். அவள் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நெக்ஸ்ட் என்ன?" என்று கேட்டாள். ஒரு மணி வரை ஒழுங்காக ஆடினாள். கேட்ட இடத்தில் உருட்டினாள், முறை வந்தபோது பேசினாள். கோர்ட் சொன்னதற்காக வந்து உட்கார்ந்த அந்த முதல் ஞாயிறுகளின் குரல் அது. நீதிபதி எழுதிக் கொடுத்த உத்தரவு முடிந்ததென்று சந்துருவே இன்னொன்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

போகும்போது அவள் தன் டீக் கப்பைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு முன்னால் செய்ததில்லை. "குடைய மறந்துராத கண்ணு" என்றான். "எடுத்துட்டேன்ப்பா" என்றாள்.

அடுத்த ஞாயிறு சந்துரு ஏழு மணிக்கே எழுந்து வீட்டைப் பெருக்கினான். தினேஷின் நாற்காலியிலிருந்து துணிகளை எடுத்துவிட்டான், இடம் தாராளமாக இருக்கட்டும் என்று. ஒன்பதரைக்கு இஸ்மாயில் வந்தான். பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்க வால்டர் வந்தார். பெல் அடித்தபோதெல்லாம் எழுந்து ஓடி ஏமாந்தான். பத்தே காலுக்கு போன் ஒரு முறை அதிர்ந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்:

அப்பா, இனிமே சண்டே வர மாட்டேன். காலேஜ் பெங்களூர்ல. நேர்ல சொல்லணும்னு நெனச்சேன், முடியல. ஜுயி உயிரோடதான் இருக்கா. நீங்களே வெச்சுக்கோங்க.

ரெண்டு முறை படித்தான். வால்டரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு இஸ்மாயிலிடம் கொடுத்தார். இஸ்மாயிலுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அன்னைக்கு நான் வேற மேசையத் தட்டினேனே" என்றான் தனக்குத்தானே.

"போன் பண்ணு" என்றார் வால்டர்.

பண்ணினான். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த முறையும் அப்படியே. போனைக் கவிழ்த்து வைத்தான்.

"இன்னைக்கு வேணாம் சார், பொறவு பாப்போம்" என்று இஸ்மாயில் எழுந்தான்.

"உக்காருங்க" என்றான் சந்துரு. "ஆடலாம்." அவர்களும் போய்விட்டால் ஒரு மணி வரை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

ஆட்டத்துக்கு வராதவரின் பாத்திரத்தை மாஸ்டர்தான் ஓட்ட வேண்டும். எல்லா மேசையிலும் உள்ள வழக்கம். சந்துரு கதையைத் தொடங்கினான். மூன்று பேரும் பள்ளத்தாக்கைத் தாண்டி ஒரு சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சத்திரத்துக்காரர் கிழவர், தனிக்கட்டை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவர். "எத்தனை நாள் தங்குவீங்க?" என்று கேட்டார். வைத்தியர் ஒரு ராத்திரி என்றார். மல்லனும் அதையே சொன்னான். கிழவர் அடுத்ததாக ஜுயியிடம் திரும்பினார். "நீ எத்தனை நாளைக்கும்மா?"

வால்டரும் இஸ்மாயிலும் சந்துருவைப் பார்த்தார்கள். கேட்டவனும் அவன், பதில் சொல்ல வேண்டியவனும் அவன். ஜுயியின் அட்டை அவன் முன்னால் கிடந்தது. அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தான். நாலு வருஷம் எதிரில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டவன், எவ்வளவு யோசித்தும் ஒரு வார்த்தை வரவில்லை. இஸ்மாயில் தலையைக் குனிந்துகொண்டான்.

சந்துரு பகடையை எடுத்து அவளுக்காக உருட்டினான்.